ஊர் மாறுகிறோம், நாயை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-ல் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது எங்கள் செவலையை வேறு வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நாட்டு நாய். அப்போது அவனுக்கு ஐந்து வயது. மடிப்பாக்கத்தில் பிறந்து மடிப்பாக்கத்திலேயே வளர்ந்தவன். முதல் தடவை கொடுத்தது சொதப்பி, ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். இரண்டாம் தடவை நிலைத்தது. இது தெரிந்தவர்கள் தங்கள் வீட்டில் ஊர் மாற்றம் வந்தால் எனக்குப் போன் செய்கிறார்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பார்த்தது சென்னை, அதனால் உதாரணங்களும் சென்னைதான்.

கூடவே கூட்டிப்போக முடியாதா?

பல பேருக்கு முடியும், விசாரிக்காமலே முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தியாவுக்குள் என்றால் ரயில் இருக்கிறது. ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயோ நான்கு பேர் கேபினோ முழுதாக உங்களுக்கே கிடைத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பரில் ஏற்ற அனுமதி இல்லை. முன்கூட்டியே பார்சல் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்றிதழும் ஊசிப் புத்தகமும் கையில் இருக்க வேண்டும். பெங்களூரு, கோவை தூரத்துக்குக் காரில் போவது இதையெல்லாம்விடச் சுலபம்.

வெளிநாடு என்றால் பணத்தைவிட நாட்கணக்குதான் இடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதலில் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கிற, அடையாள எண் உள்ள சின்னச் சில்லு), அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசியின் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு மாதம். எனக்குக் கிடைத்தது ஏழு வாரம். சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. செவலை ஐந்து வருடமாகத் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டவன், ஆனால் அப்போது சிப் இல்லை. அதோடு கதை முடிந்தது.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கிவிட்டது. நாய்க்கு 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், சிப் வேண்டும். இந்தியாவில் ஊசி போட்ட நாய் என்றால் தனிப் படிவமும், அதற்கென்று வசதி உள்ள விமான நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். டைட்டர் முடிவு இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே வழியில்லை, அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் பல மாதம் வைத்திருந்துதான் போக வேண்டும். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் அனுமதிப் பட்டியலில் உள்ள சின்ன ரக நாய் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். லேப் (லேப்ரடார்) மாதிரி பெரிய நாய்க்கு இடமில்லை. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாரமே நாய்க்குச் சிப் போட்டுவிடுங்கள். போவதும் போகாததும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புது அபார்ட்மென்டில் நாய் கூடாது என்கிறார்கள். அதனால்தான் கொடுக்கிறேன்.

சொன்னது யார்? வீட்டு ஓனரா, சங்கமா? ஓனர் வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறது. தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. குரைக்கிறது, பெரிதாக இருக்கிறது என்று காரணம் சொல்லிக் கொடுக்கச் சொல்லவும் முடியாது. அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, லிஃப்டில் நாயைச் சுத்தமாக, சங்கிலியோடு கொண்டுபோய் வாருங்கள். பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். மீதிப் பாதி அடங்காது. நாயே இல்லாவிட்டாலும் அவர்கள் கார் பார்க்கிங்குக்காகச் சண்டை போடுவார்கள்.

எத்தனை நாளுக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும்?

மூன்று மாதம். ஒரு மாதத்துக்குள் என்றால் உங்கள் அவசரம் எதிராளிக்குத் தெரிந்துவிடும், கிடைத்த ஆளிடம் கொடுப்பீர்கள். தீபாவளிக்கு முன் பின் இரண்டு வாரம் நாயைக் கை மாற்றவே கூடாது. புது வீடு, புது ஆட்கள், மேலே சரவெடி என்றால் எந்த நாயும் கேட்டைத் தாண்டி ஓடும். ஓடினால் எந்தத் தெருவில் தேடுவது என்று புது ஆட்களுக்குத் தெரியாது.

முதலில் யாரிடம் கேட்பது?

நாய்க்கு ஏற்கெனவே தெரிந்தவர்களிடம். வாக்கிங்கில் தினமும் அதன் தலையைத் தடவும் பக்கத்துத் தெரு அம்மா, ஊருக்குப் போகும்போது சோறு வைத்தவர், உங்கள் கால்நடை மருத்துவர். மருத்துவர் முக்கியம். யார் வீட்டு நாய் சமீபத்தில் வயதாகிச் செத்தது, அதை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியும். செவலைக்கு இரண்டாவது வீடு அப்படித்தான் கிடைத்தது. சொந்தக்காரர்களைக் கேட்டால் ‘அதுக்கென்ன, விட்டுட்டுப் போ’ என்பார்கள். அதை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் தினமும் காலையில் மூத்திரம் போகக் கூட்டிப்போகப் போவது யார் என்று கேளுங்கள். அந்த ஆள் வாயால் சம்மதம் வர வேண்டும்.

அறிவிப்பில் என்ன எழுதுவது?

குறையை எழுதுங்கள். நான் செய்த தப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் வாட்ஸ்அப்பில் போட்டது: ‘ரொம்ப சாது. குழந்தைகளிடம் பாசம். எல்லோரிடமும் பழகுவான்.’ மூன்றும் உண்மைதான். எழுதாமல் விட்டது ஒன்று. செவலை சாப்பிடும்போது தட்டுப் பக்கம் யார் வந்தாலும் உறுமுவான். எங்கள் வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம், அவ்வளவுதான். எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பயம். இரண்டு நாளில் நாற்பது போனுக்கு மேல் வந்தது. போரூர்ப் பக்கம் ஒரு இளம் தம்பதி, நல்ல மனிதர்கள், நான்கு வயதுப் பையன். கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பையன் தட்டிலிருந்த எலும்பை எடுக்கக் கை நீட்டியிருக்கிறான். செவலை வெடுக்கென்று பாய்ந்திருக்கிறான். பல் படவில்லை, ஆனால் பிள்ளை பயந்து அழுது காய்ச்சலே வந்துவிட்டது. நான் ஆட்டோ பிடித்துப் போனேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டு, “முதல்லயே சொல்லியிருந்தா தட்டை பால்கனில வெச்சுக் கதவைச் சாத்தியிருப்போம்ல அக்கா” என்றாள். திரும்பும் வழியெல்லாம் செவலை என் மடியில் தலையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். எனக்குத்தான் கிண்டி வரைக்கும் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த அறிவிப்பில் முதல் வரியே இதுதான்: ‘சாப்பிடும்போது தட்டில் கை வைத்தால் உறுமுவான். இடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். பூனையைக் கண்டால் சங்கிலி கையில் நிற்காது.’ வந்தது மூன்றே போன். ஒருவர் சேலையூரில் தபால் துறையில் ரிட்டயர் ஆனவர். எங்கள் மருத்துவரே அவரிடம் சொல்லியிருக்கிறார். போனில் அவர் கேட்ட முதல் வார்த்தை: “தட்டுல கை வெச்சா உறுமும்னு போட்டிருக்கீங்களேம்மா, என் தட்டுல கை வெச்சா நானும்தான் உறுமுவேன்.”

இதையெல்லாம் எழுதிய பிறகு வயது, எடை, கருத்தடை ஆகியிருக்கிறதா, கடைசியாக ஊசி போட்ட தேதி, என்ன சாப்பிடும், தனியாக எத்தனை மணி நேரம் இருக்கும் என்று எழுதுங்கள். படம் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும். உங்கள் வீட்டு விலாசம் வேண்டாம், பகுதியின் பெயர் போதும்.

வருகிறவர் சரியான ஆள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். வர வேண்டாம் என்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். போனால் பார்க்க வேண்டியது வீட்டின் அளவை அல்ல. கேட் மூடுகிறதா, காம்பவுண்டுச் சுவர் எவ்வளவு உயரம், நாய் ராத்திரி எங்கே படுக்கும் என்று பாருங்கள். ‘மொட்டை மாடியில நல்லா காத்தோட்டமா இருக்கும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சித்திரை மாதத்தில் சென்னை மொட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று வெறுங்காலோடு ஒரு தடவை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதும் ஒரு கணக்கு. ‘எப்ப வந்து எடுத்துக்கலாம்’ என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. வீட்டில் எல்லோரையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒருவர் ஆசைப்பட்டு இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் போன் வரும்.

பணம் வாங்கலாமா?

இலவசம் என்று போட்டால் வாங்கி விற்கிறவர்களும் குட்டி எடுக்கிறவர்களும் வருவார்கள். குறிப்பாகப் பெட்டை லேப், பெட்டை ஷிட்சு, ஹஸ்கி. அதனால் அறிவிப்பில் இலவசம் என்ற வார்த்தையே வேண்டாம். நாயைப் பணத்துக்குக் கொடுப்பதும் சங்கடம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது: கருத்தடைச் செலவையோ அடுத்த வருட ஊசிச் செலவையோ அவரே மருத்துவரிடம் நேராகக் கட்டட்டும். அதற்கே தயங்குகிறவர் மேற்கொண்டு வருகிற செலவுக்கு என்ன செய்வார்?

கருத்தடை செய்துதான் கொடுக்க வேண்டுமா?

ஆமாம். பெட்டையென்றால் இரட்டை ஆமாம். அடுத்த வீட்டில் அதை வருடம் தவறாமல் குட்டி போட வைத்து விற்பதற்கான காரணமே அதோடு போய்விடுகிறது. அறுவைக்குப் பிறகு காயம் ஆறிய பிறகே அனுப்புங்கள். மூன்று மாதம் வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏதாவது காப்பகத்தில் விட்டுவிட்டால்?

கடைசி வழி என்றுகூட நான் சொல்ல மாட்டேன். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1959-லிருந்து இருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடும் வேலையை 1964-லேயே தொடங்கியவர்கள். இப்படிப்பட்ட இடங்களின் கை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. லாரியில் அடிபட்டதும் முதுகெலும்பு உடைந்ததும் வரிசையில் நிற்கிற இடத்தில், சோபாவில் படுத்துப் பழகிய நாயைக் கொண்டுபோய் விட்டால் அது மூலையில் சுருண்டு சோற்றைத் தொடாது. கூட்டத்தில் தொற்று வேறு சுலபமாகப் பிடிக்கும். அவர்களிடம் இடம் கேட்காதீர்கள். உங்கள் அறிவிப்பைப் பகிர முடியுமா என்று கேளுங்கள். பல ஊர்களில் விலங்கு ஆர்வலர்கள் அதைச் செய்து கொடுக்கிறார்கள்.

தெருவில் விட்டால் தெருநாய்களோடு சேர்ந்துகொள்ளாதா? கிராமத்தில் தோட்டம் இருக்கிறது, அங்கே விடலாமே?

சேராது. ஒவ்வொரு தெருவுக்கும் அதன் நாய்கள் எல்லை போட்டிருக்கின்றன. கழுத்துப்பட்டையோடு புதிதாக வந்து நிற்கும் நாயைக் குதறிவிடும். அதிலிருந்து தப்பித்தாலும் வண்டியில் அடிபடும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி நாயைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடமாக அந்தத் தொகை மாறவில்லை. ஒரு நெய் ரோஸ்ட் விலைகூட இல்லை.

கிராமத்துத் தோட்டம் நாம் கற்பனை செய்கிற மாதிரி இருக்காது. பெரும்பாலும் மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கட்டிக் காவலுக்குப் போடுவார்கள். சோறு ஒரு வேளை. பாம்பு, பூச்சி மருந்து வைத்த தானியம், பக்கத்துத் தோட்டத்து நாய்கள் என்று நகரத்து நாய்க்குப் பழக்கமில்லாத ஆபத்து பல. அங்கேயே குடியிருந்து, வீட்டுக்குள் விட்டு வளர்க்க ஆசைப்படுகிற மனிதர் இருந்தால் அது வேறு கதை. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஓட இடம் கேட்கும் நாய்களுக்கு அப்படிப்பட்ட வீடு அபார்ட்மென்டைவிட நல்லதுதான்.

வயதான நாய், மாத்திரை சாப்பிடுகிற நாய். யார் எடுப்பார்கள்?

எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும். மருத்துவச் செலவை மாதாமாதம் நான் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பலருடைய தயக்கம் பாதி குறையும். சொன்னால் அனுப்ப வேண்டும், அது முக்கியம். பத்து வயதுக்கு மேல், சிறுநீரகமோ இதயமோ சரியில்லை என்றால், வீட்டில் யாராவது ஒருவர் கொஞ்ச நாள் பின்தங்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். அப்படிப் பின்தங்கிய ஓர் அம்மாவோடு எட்டு மாதம் இருந்து, ஊரிலேயே கண்ணை மூடிய ஒரு பொமரேனியனை எனக்குத் தெரியும். அந்த அம்மா ஆஸ்திரேலியாவுக்கு அதற்கப்புறம்தான் டிக்கெட் போட்டார்.

உண்மையிலேயே கடித்த நாய் என்றால்?

மறைத்துக் கொடுக்காதீர்கள். யாரை, எப்போது, எதற்குக் கடித்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். வலியால் கடிக்கிற நாய்கள் நிறைய. காதில் சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் என்று ஏதாவது இருக்கும். குழந்தை இல்லாத, நாய் வளர்த்துப் பழகிய வீடுதான் இதற்குச் சரி.

ஒப்படைக்கிற நாளில் எப்படி நடந்துகொள்வது?

ஒரே நாளில் முடிக்காதீர்கள். சேலையூருக்கு நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். முதல் தடவை ஒரு மணி நேரம், அவர்களோடு ஒரு வாக்கிங். இரண்டாவது தடவை அங்கேயே சாப்பாடு. மூன்றாவது தடவை ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்தோம். நான்காவது ஞாயிறு காலையில் கொண்டுபோய் விட்டேன். காலையில் என்றால் இருட்டுவதற்குள் அது வீட்டை ஒரு சுற்று மோந்து பார்த்துவிடும்.

துவைக்காத பெட்ஷீட், பழைய தட்டு, ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு கூடப் போகட்டும். கூடவே ஒரு தாள். செவலைக்கு ‘உட்கார்’ தெரியாது, ‘குந்து’ என்றால்தான் குந்துவான். ‘வா’ என்றால் யோசிப்பான், பிஸ்கட் டப்பா மூடியைத் தட்டினால் பறந்து வருவான். இதெல்லாம் அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம் வந்தது.

முதல் இரண்டு மூன்று வாரம் சங்கிலி இல்லாமல் வெளியே விடவே கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள். பழைய வீட்டைத் தேடி ஓடுவது அப்போதுதான். கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுதால் அதற்குப் பதற்றம் ஏறும். நான் கடைக்குப் போகிற மாதிரி ‘வரேன்டா’ என்று சொல்லிவிட்டு வந்து, தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கொடுத்து இரண்டு நாளாகிறது, சாப்பிடவில்லை என்கிறார்கள். திரும்பக் கூட்டி வந்துவிடவா?

வேண்டாம். இரண்டு நாள் சோற்றை முகர்ந்துவிட்டுப் போவது சகஜம். வாசலையே பார்த்துப் படுத்திருக்கும். தண்ணீர் குடிக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரும் குடிக்காவிட்டாலோ, வாந்தி, பேதி, காய்ச்சல் இருந்தாலோ, சாப்பிடாமல் மூன்றாம் நாள் தாண்டினாலோ மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பதுங்கியிருந்த உண்ணிக் காய்ச்சல் இந்த மாதிரி நேரத்தில் தலைகாட்டும். பழகினவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். செவலை இரண்டாம் நாள் ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டான், தட்டுப் பக்கம் வந்த அந்தத் தபால் துறை சாரைப் பார்த்து உறுமியும் வைத்தான். அதை அவர் ஏதோ நல்ல செய்தி மாதிரிப் போன் செய்து சொன்னார்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நடப்பதைச் சொல்லுங்கள். ‘ஓடிப்போயிடுச்சு’ என்று சொன்னால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். புது வீட்டுக்கு அவர்களையும் ஒரு தடவை கூட்டிப்போங்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

ஊசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, மருந்துச் சீட்டுகள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், அது உங்கள் பெயரில் இருக்கும், புது ஆள் தன் பெயரில் எடுக்க வேண்டும். மைக்ரோசிப் பதிவிலும் பெயரையும் போன் நம்பரையும் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாய் தொலைந்து யாராவது ஸ்கேன் செய்தால் போன் ஃப்ராங்ஃபர்ட்டில் அடித்து என்ன பயன்?

அப்புறம், வெள்ளைத்தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஒப்பந்தம். நாயை விற்கக் கூடாது, குட்டி எடுக்கக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் எவ்வளவு நிற்கும் என்பதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. எழுதும்போது எதிராளி முகத்தைப் பார்க்கலாம்.

பிறகு போய்ப் பார்க்கலாமா? வீடியோ காலில் கூப்பிடலாமா?

முதல் மூன்று மாதம் இரண்டும் வேண்டாம். படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் அவசரப்பட்டு இரண்டாம் வாரமே வீடியோவில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு செவலை போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான், கதவுக்குப் பின்னால் பார்த்தான், பிறகு ராத்திரி முழுக்க வராந்தாவில் நடந்திருக்கிறான். அடுத்த நாள் சார் மெதுவாகச் சொன்னார்: “கொஞ்ச நாள் போகட்டும்மா.”

நான் கொடுத்தவரும் ஊர் மாறினால்?

ஒப்பந்தத்தில் அந்த வரி அதற்குத்தான். நான் ஊர் திரும்பி ஒன்றரை வருடம் கழித்து சேலையூரிலிருந்து போன் வந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று கோவையிலிருந்து மகள் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவனை எடுத்துக்கொள்ளலாமா, அவனுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்றெல்லாம் ஓடியது. அவர் அதற்குப் போன் செய்யவில்லை. “நாயோட வந்தா வரேன், இல்லைன்னா இல்லைன்னு சொன்னேன். சரின்னுட்டா. காருக்குச் சொல்லியாச்சு. அந்த சிப்புல அட்ரஸ் மாத்தணும்னு சொல்லுவீங்களே, அதை எங்க போய் மாத்தறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்” என்றார்.